கோட்டுக்கு மேலே ஒரு குடைக் கம்பெனி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மற்றபடி இந்தப் பல்கலைக்கழக விசாரணைக் குழு மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

இருபது பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் தொழிற்சாலை தாக்குப்பிடிக்காது. எட்டு வருட ஆராய்ச்சியில் நான் கண்ட முடிவு இது. என் பேராசிரியர் பதவியும் இதில்தான் தொங்கியது. நாற்பது தொழிற்சாலைகளில் முப்பத்தொன்பது என் வரைபடக் கோட்டில் சமத்தாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு பேர் வேலை செய்த ஒரு குடைக் கம்பெனி மட்டும் அமோகமாக நடந்து, கோட்டுக்கு மேலே தனிப் புள்ளியாக நின்று என் உயிரை வாங்கியது.

அதை அழித்துவிடும்படி பக்கத்து அறை ஆய்வாளர் யோசனை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தரவை அழிப்பது மோசடி.

அதனால் இலவச ஆலோசகனாக அந்தக் கம்பெனிக்கே போனேன். முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். வாசலருகே அவருடைய அக்கா நாள் முழுக்க ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். வேலை என்று எதுவும் கிடையாது. தைத்த குடையோடு கிடங்குக்குப் போகிறவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் நகர மாட்டார்கள். பேச்சுவாக்கில் அவர் கை அந்தக் குடையை வாங்கி விரிக்கும், மடக்கும். மக்கர் பண்ணினால் கதையை நிறுத்தாமலே சரிசெய்யச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். கம்பெனியின் உயிரே அந்தக் கையில் இருப்பது மூன்றாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

அவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று அறிக்கை எழுதினேன்.

முதலாளி தயங்கினார். "அக்கா இல்லாம இந்த இடமே வெறிச்சோடிப் போயிடுமே சார்."

"அரட்டையில ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வீணாகுதுங்க," என்றேன். நான் அளந்த நேரம் சரியாகத்தான் இருந்தது.

அக்கா கிளம்பும்போது என் கையில் ஒரு குடையைத் திணித்தார். "மழைக்காலம் வருது தம்பி, நனையாதீங்க."

அந்த மழையில் பாதிக் குடைகள் விரியவில்லை. விரிந்தவை மடங்கவில்லை, விரித்த குடையோடு ஒருவர் பேருந்து வாசலில் சிக்கி, பின்னால் வந்த நான்கு வண்டிகள் நின்றன. கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். எட்டே மாதத்தில் கம்பெனிக்குப் பூட்டு, பன்னிரண்டு பேரும் தெருவில். எனக்கும் மனசு கேட்கவில்லை. அன்று மதியச் சாப்பாட்டைத் தயிரோடு நிறுத்திக்கொண்டேன், பாயசத்தைத் தொடவில்லை.

மறுநாள் தரவைப் புதுப்பித்தேன். புள்ளி கோட்டில் வந்து உட்கார்ந்தது. பதவியும் வந்தது.

அக்கா கொடுத்த குடை இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. அதோ, வாசலில் வைத்திருக்கிறேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் குழு ஒன்றை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை.