உப்பிய குழாய்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "லைசென்ஸ் துப்பாக்கிதான். குழாய் புதுசு. தாங்குமான்னு பாக்க டயர்ல கட்டி, ரெண்டு மடங்கு வெடிமருந்து இடிச்சு, உப்பளக் கரைக்கு அந்தாண்ட படுத்துக்கிட்டு வெசையில கட்டுன கயித்த இழுத்தேன். குழாய் கிழியலயே!"

பக்கத்தில் இருந்தவர் லேத் பட்டறைக்காரர். "அப்புறம் குழாய அளந்து பாத்தியா?"

"நடுவுல லேசா உப்பி இருந்துச்சு. அவ்ளோதான்."

"யோவ், உப்புனா அது ஃபெயிலு. அடுத்த வெடியில கிழிஞ்சு மூஞ்சியில அடிக்கும். இப்ப எங்க இருக்குது?"

"தம்பி எடுத்துட்டுப் போயிருக்கான். மல்லாட்டக் கொல்லையில பன்னி தொல்ல. கடலைய எல்லாம் தோண்டிப் போடுது."

முன் சீட்டுக்காரர் உடனே தம்பிக்குப் போன் போட்டார். மூன்று தடவை மணி அடித்து நின்றது. நான்காவது தடவை தம்பி எடுத்ததும் எழுந்து நின்று கத்தினார். "சுடாதடா! கீழ வெச்சிட்டுத் தூரப் போயிடு!"

பிறகு மெதுவாகச் சொன்னார். "மருந்து இடிச்சு வெச்சிட்டானாம்."

"குழாய்ல தண்ணி ஊத்தணும். மருந்து நனைஞ்சா வெடிக்காது. அவன ஊத்தச் சொல்லு."

"வேணாம். அவன் கிட்டப் போவ வேணாம். நானே ஊத்துறேன்."

கொல்லை இருக்கும் பெருமுக்கலில் இறங்கினார். பட்டறைக்காரர் ஜன்னல் வழியாகத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார்.