சிவப்பே காட்டாத திரை

கேட்ட விலைக்கு நான் எதையும் வாங்கியதில்லை, ஐயா. செருப்போ சீப்போ, பாதியில் ஆரம்பித்து முக்காலில் முடிப்பேன். கடைக்காரர் வீட்டில் பிறந்தவன். பேரம் பேசாமல் வாங்கினால் அன்றைக்குத் தூக்கம் வராது.

மருத்துவமனையில் கணினிகள் என் பொறுப்பு. மருந்து ஸ்டோரை ஒரு பழைய மென்பொருள் கவனித்துக்கொண்டிருந்தது. நாள் கடந்த மருந்தைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் காட்டும். அதன் உரிமக் காலம் முடிந்தது. புதுப்பிக்க விற்பனையாளர் சொன்ன விலையைக் கேட்டு நிர்வாகிக்கு வியர்த்துவிட்டது. நான் பேசிப் பார்த்தேன். மனிதர் இறங்கி வரவில்லை. சரி, கணினியிடமே பேசிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கணினியை அப்படியே சர்வருக்குள், பெட்டியே இல்லாமல் நிரலாக மட்டும் ஓடும் ஒரு மெய்நிகர் கணினியாக மாற்றினேன். எந்தக் கணினியும் கண்விழித்ததும் முதலில் ஓடுவது பூட் ஃபர்ம்வேர் என்ற சின்ன நிரல். இன்று என்ன தேதி என்று மற்ற மென்பொருள்களுக்குச் சொல்வது அதுதான். மெய்நிகர் கணினியில் அதுவும் வெறும் கோப்பு, இஷ்டத்துக்குத் திருத்தலாம். நாலு வருடம் குறைத்துச் சொல்லும்படி திருத்தினேன். உரிமம் உயிர்பெற்றது. ஆட்கள் குழம்பக் கூடாதே என்று திரையின் மூலையில் மட்டும் சரியான தேதி தெரியும்படி வைத்தேன். நிர்வாகி கூட்டம் கூட்டி எனக்குக் கேடயம் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து ஸ்டோர் அக்கா வந்தார்.

"தம்பி, ஒரு மருந்துகூட சிவப்பா வரலையே. மிஷின்ல ஏதாவது கோளாறா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உரிமத்துக்காக நான் சொன்ன தேதிப் பொய்யை அந்த மென்பொருள் மருந்துக்கும் நம்பியிருக்கிறது.

"நீங்க அவ்வளவு கச்சிதமா பாத்துக்கறீங்க அக்கா," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கவும்தான்.

புட்டியிலேயே தேதி இருக்குமே என்பீர்கள். இருக்கும், எறும்பு அளவில். திரை பச்சை என்று சொன்ன பிறகு அதை யார் படிக்கிறார்கள்? உயிர்காக்கும் ஊசி சிலருக்கு வேலை செய்யவில்லை. பெரியவர்கள் இருவர், பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், ஒரு வாத்தியார், ஒரு பஸ் டிரைவர். உடம்பு ஏற்கவில்லை என்று டாக்டர்கள் எழுதினார்கள். டாக்டர் எழுதியதை மறுக்க நான் யார்?

போன மாதம் என் மாமனாரை அங்கே சேர்த்தோம். ஊழியர் குடும்பத்துக்கு மருந்து இலவசம். நான் எதிர்க்கடையில் ஊசி வாங்கினேன். எறும்பு எழுத்தை இரண்டு தடவை படித்தேன். பேரம் பேசவில்லை. பின்னால் ஸ்டோர் அக்கா நின்றிருந்தார்.

"ஓசியில கிடைக்கிறத விட்டுட்டு நீங்க காசு குடுத்து வாங்கறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பிப் போய் ஒவ்வொரு புட்டியாகக் கையில் எடுத்துப் படித்திருக்கிறார். ஸ்டேஷனுக்கு போன் போட்டு உங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். நீங்கள் அவரையே பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அவரை அனுப்பிவிடுங்கள். தேதியை மாற்றியது நான், தெரிந்தே விட்டுவைத்ததும் நான். மாமனார் தேறிவிட்டார்.

ஆனால் இந்த வாக்குமூலத் தாளில் ஐந்து சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் எப்படியும் போகிற வயதுதான், ஐயா. மூன்று என்று போடுங்கள். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.