லெவி ப்ரூயிட் எதிராளியின் பெயரைச் சொன்னது பற்றி

என் பெயர் கெசையா ப்ரூயிட். வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற லெவி ப்ரூயிட்டின் மனைவி. கென்டக்கியில் மல்பெரி ஓடைக்கரையில் குடியிருக்கிறேன். ஐந்தாவது வரை படிப்பு. பெரிய பேரன் ஹைரம் வக்கீலாகிவிட்டான். பேத்தி ஆர்மிண்டா பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. சின்னவன் லூசியன் பதினேழு வயதிலேயே தந்தி ஆபீசில் சேர்ந்துவிட்டான். "இதெல்லாம் எதுக்குப் பாட்டிம்மா?" என்று இதை எழுதிக்கொள்ளும் நீதிமன்ற எழுத்தர் கேட்டார். "எழுதிக்க தம்பி, வேண்டியிருக்கும்" என்றேன்.

புது நீதிமன்றக் கட்டடத்தில் பழைய சட்டமன்ற உறுப்பினர்களின் படங்களை மாட்டப்போகிறார்கள். என் வீட்டுக்காரர் 1851 தேர்தலில் எதிராளி ஏசா ஸ்டாம்பரிடம் குதிரை வாங்கிக்கொண்டு தோற்றுக்கொடுத்தார், அவர் படம் கூடாது என்று மனு வந்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிறவர். இரண்டு முறை சட்டமன்றம் போனவர். மூன்றாம் முறை வாக்குப்பதிவு அன்று காலை ஏசா எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் மகளுக்குத் தொண்டை அடைத்து மூச்சு திணறியது. டாக்டர் இருந்தது முப்பது மைலுக்கு அப்பால். ஏசாவின் குதிரையோ நொண்டியது. என் வீட்டுக்காரர் தன் குதிரையை அவிழ்த்துக் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள வந்து உன் பேரைச் சொல்லிடறேன் லெவி" என்றார் ஏசா. "பேரு கெடக்கட்டும், கெளம்புய்யா" என்றார் இவர். நொண்டிக் குதிரை எங்கள் கொட்டிலில் நின்றது. மனுவில் சொல்லும் குதிரை அதுதான்.

அதன்பிறகு நாங்கள் வாக்குச்சாவடிக்குப் போனோம். எங்கள் ஊரில் எல்லார் முன்னும் பெயரை உரக்கச் சொல்லித்தான் வாக்குப் போடுவது. போட்டியிடுகிற இருவரும் மரியாதைக்கு ஒருவர் பெயரை ஒருவர் சொல்வது வழக்கம். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒருவர், "ஏசா வரமாட்டான்டா லெவி, உன் பேரையே சொல்லித் தொலையேன்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் தொப்பியைக் கழற்றி, "ஏசா ஸ்டாம்பர்" என்றார். ஏசா அன்று திரும்பவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு முந்நூற்றுப் பதினொன்று. இவர் தோற்றார்.

மறுநாள் ஏசா வந்து பதவி வேண்டாம் என்று அழுதார். "புள்ள எப்படியிருக்கு?" என்று மட்டும் இவர் கேட்டார். "கஞ்சி குடிச்சா" என்றார் ஏசா. அதன்பிறகு இவர் தேர்தலில் நிற்கவில்லை.

அந்தக் குழந்தை டெல்ஃபா. பதின்மூன்று வருடம் கழித்து என் மகனைக் கட்டிக்கொண்டாள். முதலில் நான் பெயர் சொன்ன மூவரும் அவள் பெற்ற பிள்ளைகள். என் வீட்டுக்காரர் ஏசாவிடம் வாங்கியது அவ்வளவுதான்.

இதில் நான் கண்ணால் காணாததும் காதால் கேட்காததும் ஒன்றுமில்லை. வாசித்துக் காட்டினார்கள், கேட்டுக் கையெழுத்திட்டேன். என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. படத்தைச் சுவரில் மாட்டியதும், அதன் கீழே டெல்ஃபாவையும் பிள்ளைகளையும் நிற்கவைத்துப் புதிதாக ஒரு புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பவும்.

கெசையா ப்ரூயிட்