மருந்து கட்டும்போது அவர் சொன்னவை

ஓடுகிறோம். வாய்க்கால் கட்டு. இரண்டு பக்கமும் அறுக்காத நெல் வேளாண்மை. முன்னால் வேறு வயல்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் என் கணவர் நசார். அவர் தோளில் எங்கள் மகள் றிஸ்னா. நாலு வயது. கடைசியாக நான். அவளுடைய முகம் என் பக்கம். வாயைத் திறந்து ஏதோ சொல்கிறாள். கேட்கவில்லை.

தூரத்தில் ‘டும்’ என்று ஒரு சத்தம். ஆளில்லாத வீட்டில் கதவு அடிபடுவது போல. பிறகு தலைக்கு மேலே சீறல். சீறினால் அது தாண்டிப் போகிறது. எல்லோரும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்று தாண்டிப் போயின. அடுத்தது சீறவில்லை.

“படுங்க! படுங்க!”

அது வெள்ளிக்கிழமை. பள்ளியில் ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்கவில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருது. அறுவடைக்காக இறக்காமத்து வயலில் குடில் போட்டுத் தங்கியிருந்தோம். யார் யாரை அடித்தார்கள் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சரியாகச் சொன்னதில்லை.

கண் விழித்தபோது உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் கிடந்தேன். வானம் குலுங்கியது. பிறகு ஆஸ்பத்திரி.

இடது இடுப்பில் சதை போயிருந்தது. குழி. காலையில் அதற்குள் இருக்கும் துணியை இழுத்து எடுப்பார்கள். கழுவுவார்கள். புதுத் துணியை உள்ளே திணிப்பார்கள். வலி தெரியாமல் விறைக்கவைக்கும் மருந்து இல்லை. பாதை பூட்டியிருந்தது. லொறி வரவில்லை. மருந்து வண்டிலின் சில்லு வாட்டு வாசலில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்கே என் பற்கள் அடித்துக்கொள்ளும்.

பக்கத்துக் கட்டிலில் மகேஸ்வரி அக்கா. கல்முனைத் தமிழ்ப் பெண். மீன்பிடிக் குடும்பம். வலது கை முழங்கையோடு போயிருந்தது. அவர்கள் தெருவுக்கு நாங்களும் எங்கள் தெருவுக்கு அவர்களும் போகாத காலம். முதல் நாள் நான் அலறியபோது அவர் எழுந்து வந்து என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“அங்க பாராத தங்கச்சி. என்னைப் பார். உன்ட மகளப் பத்திக் கதை. காலம எழும்பினா என்ன செய்வா?”

சொன்னேன். ஒரு செருப்போடு கோழி துரத்துவாள் என்றேன். மற்றச் செருப்பு எங்கே என்று கேட்டார். அது கோழிக்கூட்டுக்குள் கிடக்கும் என்றேன். துணி வெளியே வந்துவிட்டது. வலி இருந்தது. ஆனால் பக்கத்து வளவில் இருந்தது.

மகள் எங்கே என்று நசாரிடம் கேட்டேன்.

“உம்மாட வீட்ட விட்டிருக்கன். சின்னப் புள்ளைகள இஞ்ச விட மாட்டாங்க.”

அதற்குப் பிறகு மருந்து கட்டும் நேரத்துக்கு அவர் வரத் தொடங்கினார். தலைமாட்டில் நிற்பார். மகேஸ்வரி அக்கா கேட்பார். அவர் சொல்வார். இன்றைக்கு ஊஞ்சல் கட்டச் சொன்னாள். இன்றைக்குத் தலை வாரவிடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்பேன்.

ஒரு காலை சொன்னார்: “றால் கறியோட சோறு தின்டா.”

றால் தின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அவருக்கும் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் றால் வாங்குவதே இல்லை.

கண்ணைத் திறந்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். மகேஸ்வரி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினார். நேர்ஸின் கை நின்றது. மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் அந்த நேரம் தெரிந்துவிட்டது. பிள்ளை உயிரோடு இல்லை. மௌத்து.

கத்தவில்லை. துணி பாதி உள்ளே, பாதி வெளியே.

“பிறகு என்ன செஞ்சா?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார். அடுத்த நாளும் கேட்டேன். அடுத்த நாளும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. அவளைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பயம்தான். ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் செத்துப்போவார் என்ற பயம். முடி நரைத்தது. கதைக்கவில்லை.

இந்த வருடம் இடுப்பில் ஒரு வீக்கம். அன்றைக்கு உள்ளே தங்கிப்போன ஷெல் இரும்பு மேலே வந்திருக்கிறது என்றார்கள். மேசையில் கிடக்கிறேன். டொக்டர் இளம் பையன்.

“விறைக்க ஊசி போட்டிருக்கு உம்மா. எண்டாலும் கொஞ்சம் தெரியும். மனசுக்குப் பிடிச்ச ஒண்ட நினைச்சிட்டு இருங்க.”

நேர்ஸ் பிள்ளை தன் ஃபோனில் பாட்டுப் போடவா, குர்ஆன் கிறாஅத் போடவா என்று கேட்கிறாள். வேண்டாம். என் கணவரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை போடுகிறார்கள். அவர் இருமுவது கேட்கிறது.

“மகள்ட வாப்பா.”

“ஓம்.”

“அண்டைக்கு நடந்தத சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க.”

கத்தரிக்கோல் தட்டில் வைபடுகிறது. கத்தி உள்ளே போவது தெரிகிறது. பல்லைக் கடிக்கிறேன். பிறகு அவருடைய குரல்.

“அவ என்ட தோள்லதான் இருந்தா. விழுந்து எழும்பி ஓடினன். நீ எழும்பல்ல. புள்ளைய விட்டுட்டு வந்து உன்னைத் தூக்குவம் எண்டு ஓடினன். முதுகு ஈரம். வேர்வை எண்டு நினைச்சன்.”

டொக்டரின் கை நிற்கிறது.

“நிப்பாட்டாதீங்க,” என்கிறேன். இரண்டு பேருக்கும்தான்.

“பள்ளியடியில இறக்கினாப் பிறகுதான் தெரியும். பொண்டுகள் குளிப்பாட்டினாங்க. முகத்தில ஒரு கீறல் இல்ல. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கினம். நான்தான் குழிக்குள்ள இறங்கி அவவ வாங்கினன்.”

“எங்க?”

“இறக்காமத்து மையவாடியில. மதிலோரம். போறனான். உனக்குச் சொல்லல்ல.”

தட்டில் இரும்பு விழுந்தது. சின்னச் சத்தம். எப்போது எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்துவிட்டது என்றார் டொக்டர். திரைக்குப் பின்னால் அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இழந்தது இவ்வளவு.

றிஸ்னா. அந்தப் போகத்து வேளாண்மை, முழுவதும். அதற்குப் பிறகு நான் பெறாத பிள்ளைகள். மகேஸ்வரி அக்காவின் வலது கை. பிறகு கடல் ஊருக்குள் வந்த நாளில், மகேஸ்வரி அக்கா.

வாய்க்கால் கட்டில் எங்களோடு ஓடியவர்களில் ஆறு பேர். கலந்தர். அவருடைய தம்பி முபாறக். சித்தி பௌசியா என்ற பெண். மற்ற மூவரின் பெயர் தெரியாது. அவர்கள் எனக்கு முன்னால் ஓடினார்கள். முதுகைத்தான் பார்த்தேன்.