நாலு ரங்கராஜன், ஒரே சுகர்

ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தும் கேட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரம் போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்ன முதல் வாக்கியமே என்னைப் பிடித்துக்கொண்டது.

"நாலு ரங்கராஜனுக்கும் ஒரே சுகர்க்கா. முந்நூத்திப் பத்து."

"அதெப்படிடி?"

"நம்ம ஆபீஸ் மெடிக்கல் செக்கப்புக்கு லேப்காரங்க பேரையெல்லாம் மேல வரிசையா போட்டு ரிசல்ட் அனுப்பினாங்க. நான் எக்செல்ல எச்-லுக்கப் ஃபார்முலா போட்டு ஆளுக்கொரு லெட்டர் எடுத்தேன். அது இடது பக்கத்துலேருந்து தேடும். முதல் ரங்கராஜன் கிடைச்சதும் நின்னுடும்."

"ஸ்ரீரங்கத்து ஆளுங்களைப் போய் பேரை வெச்சா தேடுவே? எம்ப்ளாயி நம்பர் எதுக்குடி இருக்கு?"

"தப்புதான்க்கா. மத்த மூணு பேருக்கு ஒண்ணுமே இல்ல. பயந்துபோய் காபிக்குக்கூட சர்க்கரை போடறதில்ல. ஒருத்தர் மகள் கல்யாணத்துல பாயசத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாராம்."

"இன்னைக்கே தப்புன்னு சொல்லிடு."

"சொன்னா, நிஜமாவே சுகர் இருக்கிறவரும் தன்னோடதும் தப்புன்னுடுவாரே! இப்பவே நம்பலை. 'நாலு பேருக்கும் ஒரே நம்பர்னா கம்ப்யூட்டருக்குத்தான் சுகர்'னு சிரிச்சுட்டு, நேத்து ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டார்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒருவர் உடம்பு விஷயம்; சிரித்திருக்கக் கூடாது. மூத்தவள் சிரிக்கவில்லை.

"லேப் கொடுத்த பேப்பரையே எடுத்துக்கிட்டு முதல்ல அவர்கிட்ட போ. டாக்டர்கிட்ட அனுப்பிட்டு அப்புறம் மத்தவங்ககிட்ட சொல்லு. அவங்க பாயசம் ஒரு நாள் காத்திருக்கும்."