மூன்று தட்டு

இரவு பன்னிரண்டரை மணி. ஆறு வழிச்சாலை. ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர்... வண்டிச் சத்தம் வீடுகளுக்குள் போகாமல் தடுக்க வைத்தது. கதவைத் தாழ் போட்டாச்சா? எனக்கொன்றும் பயமில்லை, சும்மா கேட்டேன்.

நடந்தது என் மச்சானின் சித்தப்பாவுக்கு. அந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான் அவர் வேலை. புல்தரைப் பக்கம் ஒருவர், சாலைப் பக்கம் ஒருவர். சாலைப் பக்கம் நிற்பவருக்குக் காவல் ஆறு பிளாஸ்டிக் கூம்புகள். கூட்டாளியின் பட்டப்பெயர் தந்தி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினால் கேட்காது, துடைப்பான் கட்டையால் தட்டினால் மட்டும் கேட்கும். ஒரு தட்டு என்றால் இது முடிந்தது, அடுத்த கண்ணாடிக்குப் போகலாம். மூன்று தட்டு என்றால் பக்கம் மாறலாம், நீ சாலைக்கு வா.

ஒருநாள் மூன்று தட்டு வந்தது. சித்தப்பா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிஷம். தந்தி வாயசைத்துத் திட்டினான். இவர் சிரித்தார்.

ஏழாவது நிமிஷம் ஒரு லாரி... பிரேக் சத்தம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. அவ்வளவு நல்ல கண்ணாடி.

அந்தப் பத்து விரலைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. தந்தியின் இடத்துக்கு ஆளும் வரவில்லை. தனியாகத் துடைத்தார், பழக்கதோஷத்தில் தனியாகவே தட்டினார். சித்தி காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் இவர் வீட்டுக்குள் நுழைவார். குடும்பம் நடந்ததெல்லாம் வாசற்படியில்தான்.

"கொஞ்ச நாளா மூஞ்சி தெளிவா இருக்கே, என்ன சமாச்சாரம்?"

"ஒண்ணுமில்லடி. வேலையில துணைக்கு ஆள் கிடைச்சாச்சு."

பொய்யில்லை. பதில் தட்டு வர ஆரம்பித்திருந்தது. கண்ணாடிக்கு ஒன்று. அந்தப் பக்கம் வெறும் சாலை... ஈரத் தார் வாசனை. நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். இந்த மனுஷன் தினமும் இரண்டு டீ வாங்கிப் போனார்.

பிறகு ஒருநாள்... டக். டக். டக்.

அன்று அவர் விரலைக் காட்டவில்லை. டீயை வாளிமேல் வைத்துவிட்டு, சுவரிலிருந்த கதவைத் திறந்து சாலைப் பக்கம் போனார். அங்கிருந்து சித்திக்குப் போன்.

"தூங்குறியா? தந்தி என் வாளியில உட்கார்ந்திருக்கான்."

"எந்தத் தந்தி? அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

"கால நீட்டி டீ குடிக்கிறான். நான் மூணு தட்டிட்டேன்... பத்து விரலக் காட்டுறான்டி."

"ஐயோ, முதல்ல வீட்டுக்கு வாங்க!"

"வர்றேன்... இந்தத் தடவ நான் காத்திருக்கணும்ல."

சித்தி காதில் கூம்புகள் ஒவ்வொன்றாகச் சரிவது கேட்டது. பொத்... பொத்... ஐந்து எண்ணினாராம். அப்புறம் சட்டென்று அமைதி. போன் கட் ஆகவில்லை. நடுவில் யாரோ கண்ணாடியை வைத்தது போல அமைதி.

"ஏங்க... ஏங்க..."

வெகுநேரம் கழித்து, போனுக்குள்... ஒரே ஒரு தட்டு.