வெத்தலைக்கு இருபத்து நாலு லட்சம் மணி நேரம்

நாகஜோதி: …அப்ப பன்னெண்டு லட்சம்னு போட்டுரவாண்ணே?

பாண்டிராஜ்: பத்தாது ஜோதி. சூப்பர் கம்ப்யூட்டர் கமிட்டிக்காரங்க எதைக் கேட்டாலும் பாதியா வெட்டுவாங்க. ரெண்டு மடங்கா கேளு. இருபத்து நாலு.

நாகஜோதி: இருபத்து நாலு லட்சம் மணி நேரமா… சோழவந்தான் வெத்தலைல இருக்குற ஒத்த மூலக்கூறுக்கு?

பாண்டிராஜ்: வெத்தலைன்னா எலக்ட்ரான் இருக்காதா? ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தோடயும் முட்டும். கணக்கு எகிறத்தான் செய்யும். போடு, அஞ்சு மணிக்கு விண்ணப்பத்தை மூடிருவாங்க.

நாகஜோதி: போட்டேன்… கட்டம் செவப்பாயிருச்சு. இருபது லட்சத்துக்கு மேல கேக்கக் கூடாதாம்.

பாண்டிராஜ்: அப்படியா… உன் நிஜக் கணக்கு பன்னெண்டுதான?

நாகஜோதி: அது வந்துண்ணே… பன்னெண்டு, நம்ம கைடு சுபலட்சுமி மேடம் ரெண்டு மடங்காக்குனது.

பாண்டிராஜ்: அப்ப ஆறா?

நாகஜோதி: ஆறு… மேடம்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி நானே ரெண்டு மடங்காக்குனது.

பாண்டிராஜ்: ஆக மூணு. அந்த மூணு லட்சமாவது நீ ஓட்டிப் பாத்துப் போட்டதா?

நாகஜோதி: போன வருசம் நீங்க கொடுத்த விண்ணப்பத்துல மூணுன்னு இருந்துச்சு.

பாண்டிராஜ்: அடிப்பாவி, அது எனக்கு…

நாகஜோதி: உங்களுக்கு?

பாண்டிராஜ்: முன்னாடி இங்க படிச்ச பேயாண்டி அண்ணன் விண்ணப்பத்துல இருந்துச்சு.

நாகஜோதி: அவரு செஞ்சது இரும்பு மூலக்கூறுல்ல?

பாண்டிராஜ்: எழுபது அணு. உன்னுது இருபத்து நாலு.

நாகஜோதி: போச்சு. இந்தத் தடவை மெஷின் கிடைக்கலன்னா டிசம்பர்ல ஆய்வேட்டைக் கொடுக்க முடியாதுண்ணே. இன்னொரு வருசம் இழுத்தா எங்கப்பா படிச்சது போதும்னு டி. கல்லுப்பட்டிக்கே கூட்டிட்டுப் போயிருவாரு.

பாண்டிராஜ்: அழுகாத. மணி மூணுதான் ஆகுது. உன் லேப்டாப்பை எடு. தண்ணி, மெத்தனால், பீனால், மூணையும் ஓட்டிப் பாரு. மூலக்கூறு பெருசாகப் பெருசாக நேரம் எப்படி ஏறுதுன்னு தெரிஞ்சா, வெத்தலைக்கு எம்புட்டுன்னு சொல்லிரலாம்.

நாகஜோதி: இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?

பாண்டிராஜ்: செஞ்சிருக்கலாம். யாரு செஞ்சா?

நாகஜோதி: தண்ணி முடிஞ்சது… மெத்தனாலும் முடிஞ்சது… பீனால்தான் இழுக்குது.

பாண்டிராஜ்: இழுக்கட்டும். டீ வாங்கிட்டு வாரேன்.

நாகஜோதி: …வாங்கண்ணே, டீயை அப்பறம் ஊத்துங்க. பீனால் நாப்பது நிமிசம். அதை வச்சு, வெத்தலை மூலக்கூறு வளைஞ்சு நெளியுற நூறு வடிவத்துக்கும் சேத்துப் போட்டுட்டேன்.

பாண்டிராஜ்: எம்புட்டு? பத்து லட்சமா?

நாகஜோதி: நாப்பதாயிரம்.

பாண்டிராஜ்: திருப்பிப் போடு.

நாகஜோதி: ரெண்டு தடவ போட்டாச்சு. நாப்பதாயிரம்தான். கம்ப்யூட்டர் மூளைல ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுனா ஒண்ணுன்னு கணக்கு. இந்தா, இந்த ரூம்ல நிக்குற நம்ம கம்ப்யூட்டர்லயே அறுபத்து நாலு கோர். இருபத்தாறு நாள்ல முடிஞ்சுரும். சூப்பர் கம்ப்யூட்டரே வேணாம்ணே.

பாண்டிராஜ்: அது… இதுல என் கணக்கு ஓடிட்டு இருக்குல்ல.

நாகஜோதி: சித்திரைல இருந்து ஓடுதே. என்ன கணக்கு?

பாண்டிராஜ்: பெரிய கணக்கு. சொன்னாப் புரியாது.

நாகஜோதி: திரையைத் திருப்புங்க… திருப்புங்கண்ணே… இது என்ன, ஒண்ணுல இருந்து எண்ணிக்கிட்டே போகுது?

பாண்டிராஜ்: ஆமா, எண்ணுது.

நாகஜோதி: அறுபத்து நாலு கோரும் சேந்து எண்ணுதா?

பாண்டிராஜ்: கணக்கு ஓடுனாத்தான் இந்த ரூமுக்கு ஏசி போடலாம்னு ஆபீஸ்ல உத்தரவு. வெளிய நூத்தி அஞ்சு டிகிரி. நான் என்ன செய்ய…

நாகஜோதி: என் டிசம்பரை விட உங்களுக்கு ஏசி பெருசாப் போச்சா?

பாண்டிராஜ்: நிறுத்திட்டேன், பாரு. உன் வெத்தலையை ஏத்து. இருபத்தாறு நாளும் நான் தொடல. ஆனா ஒண்ணு கேக்கணும் ஜோதி. அது மூணு பக்க விண்ணப்பம். அதை எழுதவா ஒரு மாசமா தினமும் இங்க வந்து உக்காந்த?

நாகஜோதி: அதை எழுதி முடிச்சு மூணு வாரமாச்சுண்ணே. முடிச்சுட்டேன்னு சொன்னா என் சீட்டுக்குப் போன்னு சொல்லிருவீங்க. அங்க ஃபேனு அனலைத்தான் அள்ளி வீசுது.